பழைய கார் கியர்பாக்ஸுக்குள் நிறம் மாறிய பாகங்கள்: கழுவும் முன் பார்க்க வேண்டியவை

பழைய காரின் கியர்பாக்ஸை இறக்கி மூடியைத் திறந்தால் உள்ளே எதுவும் ஒரே நிறத்தில் இருக்காது. ஒரு கியர் தேன் நிறத்தில் இருக்கும், பக்கத்திலேயே இன்னொன்று பளிச்சென்று இருக்கும், பித்தளை சிங்க்ரோ ரிங்குகள் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்செய்யும் வளையங்கள்) கறுத்துப் போயிருக்கும், ஏதாவது ஒரு ஷாஃப்ட் முனையில் மயில் கழுத்து நீலம் தெரியும். உடனே கை மண்ணெண்ணெய் டப்பாவைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். எந்தப் பாகம் சூடானது, எதில் தண்ணீர் பட்டது, எது வெறும் எண்ணெய்க் கறை என்று சொல்லக்கூடிய தடயம் அந்த நிறங்கள்தான். முதலில் கழுவிவிட்டால் பளபளப்பான பாகங்கள் மிஞ்சும், காரணம் தெரியாது, அதே பழுது புதுப் பாகங்களோடு திரும்ப வரும்.

கீழே சொல்வது பெரும்பாலும் கையால் கியர் மாற்றும் பின்சக்கர ஓட்ட கார்களுக்கு. ஆட்டோமேட்டிக் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

எண்ணெயிலிருந்து ஆரம்பியுங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாதிக் கதை எண்ணெயில் இருக்கிறது. கார் ஓடும் நிலையில் இருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டி, எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுத்தமான தட்டில் இறக்குங்கள். காந்தம் வைத்த டிரெயின் பிளக்காக இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். அது இயல்பான தேய்மானம், கவலைப்பட ஒன்றுமில்லை. பசைக்குள் செதில் செதிலாகவோ ஊசி ஊசியாகவோ எஃகுத் துண்டு கையில் தட்டுப்பட்டால் பல்லோ பேரிங்கோ உரியத் தொடங்கிவிட்டது. எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறத் தூள் மினுங்கினால் சிங்க்ரோ ரிங், வெண்கலப் புஷ், திரஸ்ட் வாஷர் (பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் வளையம்) இந்த மூன்றில் ஒன்று தேய்கிறது. வெள்ளியாக மினுங்கி, காந்தத்திலும் ஒட்டாவிட்டால் அலுமினியம். ஏதோ ஒன்று கேஸை உரசுகிறது, அல்லது பேரிங்கின் வெளி வளையம் தன் இருக்கையில் சுழல்கிறது.

மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அந்த அளவுக்குப் போகாமல் சந்தேகமாக இருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு, தள்ளி நின்று செய்யுங்கள்.

கழற்றும்போது

பெல் ஹவுசிங்குக்குள், அதாவது கிளட்ச்சை மூடிய கூட்டுக்குள், கறுப்புத் தூசி அப்பியிருக்கும். பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அதனால் அந்தத் தூசியைக் கம்ப்ரெஸர் காற்றால் ஊதவே ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள், முகக்கவசமும் வேண்டும்.

மூடி திறந்ததும் போட்டோ எடுங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடித்தால்தான் நிறம் சரியாக விழும், ஃபிளாஷ் போட்டால் நீலம் எல்லாம் வெளுத்துப் போகும். ஒவ்வொரு சிங்க்ரோ ரிங்கையும் அதனுடைய கியரோடு சேர்த்துக் கம்பியில் கோத்து வையுங்கள், ஏனென்றால் அவை இரண்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை, மாற்றிப் போட்டால் நல்ல ரிங்கும் பிடிக்காது. ஊசி ரோலர்களை எண்ணி, இடவாரியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

கேஸின் உள்சுவரையும் கவனியுங்கள். நெடுங்காலம் ஓடாமல் நின்ற காரில் எண்ணெய் மட்டம் நின்ற இடத்தில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழே உள்ளவை நன்றாகவும் மேலே உள்ளவை துருவோடும் இருந்தால், பழுது நிறுத்தி வைத்ததால் வந்தது, ஓட்டியதால் அல்ல.

நிறம் மேலே இருக்கிறதா, எஃகிலேயே இருக்கிறதா

இதுதான் முக்கியமான சோதனை, செலவும் இல்லை. வெள்ளைத் துணியில் கொஞ்சம் தின்னர் அல்லது கார்புரேட்டர் கிளீனர் நனைத்து, நிறம் மாறிய இடத்தில் விரல் அகலத்துக்கு மட்டும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி பழுப்பாகி அடியில் சாதாரண எஃகு தெரிந்தால் அது வார்னிஷ். எண்ணெய் பழசாகி, சூட்டில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, மெல்லிய பிசின் படலமாகக் காய்ந்தது. பார்க்க பயமாக இருக்கும், பாகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சரி, எண்ணெய் நீண்ட நாள் மாற்றப்படவில்லை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

துணி சுத்தமாகவே இருந்து நிறமும் அப்படியே நின்றால் விஷயம் வேறு. எஃகு சூடாகும்போது மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்ஸைடு படலம் வளர்கிறது, அதன் தடிமனைப் பொறுத்து நிறம் தெரிகிறது. சாதாரண கார்பன் எஃகில் வெளிர் வைக்கோல் நிறம் ஏறத்தாழ 200 முதல் 230 டிகிரி செல்சியஸ், பழுப்பு 250 முதல் 260, ஊதா 270 முதல் 285, நீலம் 290 முதல் 310, அதற்கும் மேலே போனால் சாம்பல். இந்த எண்களைத் தெர்மாமீட்டர் மாதிரி நம்ப வேண்டாம். குறைந்த சூட்டில் நெடுநேரம் கிடந்தாலும் அதே நிறம் வரும், கலப்பு எஃகில் கொஞ்சம் தள்ளி வரும்.

இதில் என்ன ஆபத்து என்றால், கியர் பற்கள் மேல்தோலில் கார்பன் ஏற்றிக் கெட்டிப்படுத்தப்பட்டவை, ராக்வெல் சி என்ற கெட்டித்தன்மை அளவில் சுமார் 58 முதல் 62 வரை இருக்கும். அப்படிச் செய்தபின் தொழிற்சாலையில் அவற்றைப் பதப்படுத்திய சூடு பொதுவாக 150 முதல் 200 டிகிரிதான். பல்லில் நீலம் தெரிகிறது என்றால் அந்தச் சூட்டை வெகுவாகத் தாண்டியிருக்கிறது, பதம் இறங்கிவிட்டது. பேரிங் எஃகுக்கும் இதே கணக்கு. பாலிஷ் போட்டால் நீலம் போய்விடும், கெட்டித்தன்மை திரும்பி வராது. பழைய பாகம் வாங்கும்போது கண்ணாடி மாதிரி மெருகேற்றிய கியரைப் பார்த்தால் நான் சந்தோஷப்படுவதில்லை, அரத்தைத்தான் எடுப்பேன்.

அரம் போடுவது எளிது. வேலை செய்யாத ஒரு ஓரத்தில், பல் முகத்தில் அல்ல, நல்ல அரத்தை லேசாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கெட்டியாக இருக்கிறது, கடித்தால் மெத்தென்று ஆகிவிட்டது. ஆனால் சூடாகாத பாகத்திலேயே கெட்டிப்படுத்தாத இடங்கள் உண்டு, அதனால் நிறம் மாறிய இடத்தையும் அதே பாகத்தில் மாறாத, அதே மாதிரி இடத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். துல்லியம் வேண்டுமென்றால் 40 முதல் 65 வரை ஐந்து ஐந்தாகப் படிகட்டிய கெட்டித்தன்மை அரங்கள் செட்டாகக் கிடைக்கின்றன.

நீலம் எங்கே இருக்கிறது

இடம்தான் காரணத்தைச் சொல்லும்.

இன்புட் ஷாஃப்ட்டின் முன்மூக்கு, அதாவது கிராங்க் ஷாஃப்ட்டுக்குள் நுழையும் முனை நீலமாக இருந்தால் கியர்பாக்ஸைத் திட்ட வேண்டாம். அந்த முனை உட்காரும் சிறிய பைலட் புஷ் காய்ந்து பிடித்திருக்கிறது. கிளட்ச்சை மிதித்தாலும் ஷாஃப்ட் கூடவே சுழன்றிருக்கும், ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைத்திருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு சிங்க்ரோ போய்விட்டது என்று பெட்டியை இறக்கியவர்கள் நிறையப் பேர்.

மெயின் ஷாஃப்ட்டில், அதாவது சுழற்சியைப் பின்சக்கரங்களை நோக்கிக் கொண்டுபோகும் தண்டில், கியர் சுழலும் இடம், அதிலும் மேலே இருப்பவை நீலமாக இருந்தால் எண்ணெய் போகவில்லை. மட்டம் குறைந்திருக்கலாம், கியரில் உள்ள எண்ணெய்த் துளை வார்னிஷால் அடைத்திருக்கலாம். இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றாது: காரை நியூட்ரலில் போட்டு, பின்சக்கரம் தரையில் உருள, தூரமாகக் கயிறு கட்டி இழுத்துப் போனது. எஞ்சின் நிற்கும்போது லேஷாஃப்ட் (கீழே உள்ள துணைத் தண்டு) சுழலாது, எண்ணெயை வாரி மேலே அடிப்பதே அதுதான். மெயின் ஷாஃப்ட் மட்டும் நின்றுபோன கியர்களுக்குள் உலர்ந்து சுழல்கிறது. இதனால்தான் பழைய கார்களை இழுக்கும்போது கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடு என்பார்கள்.

கியர் மாற்றும் ஃபோர்க்கின் நுனிகள் நீலமாகவோ ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தோ இருந்தால் ஓட்டுநர் கியர் கம்பியில் கையை ஓய்வாக வைத்தே ஓட்டியிருக்கிறார், அல்லது கியர் தானாகக் கழன்று வெளியே வரப் பார்த்து ஃபோர்க்கைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. எந்தக் கியர் என்று பார்த்து, அதன் டாக் பற்களின் (கியரைப் பூட்டும் சிறு பற்கள்) முனை உருண்டிருக்கிறதா என்று சோதித்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

திரஸ்ட் வாஷர் நீலமானால் அதைத் தள்ளிய பக்கத்து முகத்தையும் பாருங்கள். சில சமயம் முன்பு ஒருமுறை பிரித்தவர் இடைவெளியைச் சரியாக வைக்காமல் இறுக்கிப் பூட்டியிருப்பார்.

சில நிறங்கள் பிறவியிலேயே உண்டு. ஷாஃப்ட்டில் ஒரே அகலத்தில், நேர்த்தியான ஓரத்தோடு சுற்றிவரும் வைக்கோல் அல்லது நீலப் பட்டை தொழிற்சாலையில் அந்த இடத்தை மட்டும் சூடாக்கிக் கெட்டிப்படுத்தியதன் அடையாளம். உராய்வால் வந்த நீலம் அப்படி ஒழுங்காக இருக்காது, திட்டுத் திட்டாக, கீறலோடு சேர்ந்து இருக்கும். பற்றவைத்த இடத்துப் பக்கத்திலும் நிறம் இருக்கும். கியரின் பக்கவாட்டில் செம்பு நிறம் தெரிந்தால், கார்பன் ஏறக் கூடாத இடத்தை மறைக்கச் செம்பு முலாம் பூசியிருக்கலாம், அது தேய்ந்து ஒட்டிய பித்தளை அல்ல. மங்கிய சாம்பல் கறுப்பு பாஸ்பேட் பூச்சாக இருக்கலாம். பல் முகத்தில் சீரான கருமை, கீறல் ஏதும் இல்லை என்றால் எண்ணெயிலுள்ள அழுத்தத் தாங்கிச் சேர்மானம் எஃகோடு வினைபுரிந்து உண்டான படலம். அது பல்லைக் காப்பாற்றும் படலம், அதைத் தேய்த்து எடுத்துவிட்டு சுத்தம் செய்தேன் என்று சொல்லாதீர்கள்.

பித்தளை கறுத்தால்

சிங்க்ரோ ரிங் கறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் கந்தகம். அழுத்தத் தாங்கிச் சேர்மானங்களில் கந்தகமும் பாஸ்பரஸும் இருக்கின்றன, சூடு ஏறினால் செம்புக் கலவைகளைத் தாக்கும். ஜிஎல் என்பது கியர் எண்ணெயின் தர வகை, ஜிஎல்-5 வகை எண்ணெயில் இந்தச் சேர்மானம் ஜிஎல்-4ஐ விட ஏறத்தாழ இரண்டு மடங்கு. பின் அச்சிலுள்ள ஹைப்பாய்ட் டிஃபரென்ஷியலுக்குத் தேவையான வீரியம் அது, பித்தளை ரிங் உள்ள பழைய கியர்பாக்ஸுக்குத் தேவையில்லை. எல்லா ஜிஎல்-5 எண்ணெயும் பித்தளையைத் தின்றுவிடும் என்று சொல்வதும் சரியல்ல, தாக்காமல் தடுக்கும் மருந்து சேர்த்தவை உண்டு. எண்ணெயின் விவரத்தாளில் ஏஎஸ்டிஎம் டி130 என்ற செம்புப் பட்டைச் சோதனையின் முடிவு இருக்கும், 1ஏ என்றால் கிட்டத்தட்ட கறையே இல்லை, 4 என்றால் அரிப்பு. ஆனாலும் ஜிஎல்-5 வழுவழுப்பாக இருப்பதால் சிங்க்ரோ பிடிப்பது தாமதமாகும் என்ற குறை இருக்கிறது, நான் இந்தப் பெட்டிகளில் அதை ஊற்ற மாட்டேன்.

மேலோட்டமாகக் கறுத்த ரிங் கெட்டது என்று அர்த்தமில்லை. உள்பக்கத்து நுண்ணிய வரிகளை நகத்தால் தடவுங்கள். கூர்மையாக, நகத்தைப் பிடித்தால் உயிர் இருக்கிறது. தட்டையாகி மினுமினுப்பாக இருந்தால் முடிந்தது. ரிங்கை அதன் கோனில் (கியரின் கூம்பு முகம்) லேசாக எண்ணெய் தடவி அழுத்தித் திருகிப் பாருங்கள், சட்டென்று கவ்வ வேண்டும். கவ்விய நிலையில் ரிங்குக்கும் கியரின் டாக் பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுச் சுற்றிலும் அளவெடுங்கள். பல பழைய பெட்டிகளில் புதிய ரிங்குக்கு இந்த இடைவெளி ஏறத்தாழ 1 மி.மீ., பாதிக்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான், ஆனால் உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவல் சொல்லும் எண்தான் கடைசி வார்த்தை.

ரிங் இளஞ்சிவப்பாக, செம்பு மாதிரி தெரிந்தால் எச்சரிக்கை. பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறியிருக்கிறது, உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போகும். தண்ணீரோடு கிடந்தாலும் வரும், யாராவது அமிலத்தில் ஊறவைத்தாலும் வரும்.

துரு, துரு மாதிரி ஒன்று

பேரிங் இருக்கையிலும் ஸ்ப்ளைனிலும் (ஷாஃப்ட்டின் நீளவாக்கு வரிப்பற்கள்) கோகோ தூள் மாதிரி செம்பழுப்புப் பொடி இருந்தால் அதைத் தண்ணீர்த் துரு என்று எண்ணிக் கழுவிவிடாதீர்கள். இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு பாகங்கள் நுண்ணளவில் அசைந்து உரசிய பொடி அது. கழுவிப் பூட்டினால் மறுபடி வரும், பொருத்தத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

நின்ற காரின் பேரிங்கில், பந்துகளின் இடைவெளிக்குச் சரியாகக் கறுப்பு அல்லது மங்கிய தழும்புகள் வரிசையாக இருக்கும். தண்ணீர் பட்ட அரிப்பாகவோ, ஓடாமல் அதிர்வில் மட்டும் கிடந்ததால் விழுந்த பள்ளமாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே, புது பேரிங். பல் முகத்தில் நகத்தில் தட்டுப்படாத துருக்கறை இருந்தால் துடைத்துப் பயன்படுத்தலாம். குழி விழுந்திருந்தால் அந்தக் குழியிலிருந்துதான் பல் உரியத் தொடங்கும்.

இப்போது கழுவலாம்

எஃகுப் பாகங்களுக்கு மண்ணெண்ணெய் அல்லது மினரல் ஸ்பிரிட், நைலான் பிரஷ், பொறுமை. பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி தரையோடு ஊர்ந்து எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். விடாமல் ஒட்டிய வார்னிஷைத் தின்னரில் சில மணி நேரம் ஊறப்போட்டால் சுரண்டாமலே இளகும், கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களைத் தின்னரில் போடாதீர்கள். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் பயன்படுத்தினால் அந்தப் பாகத்தைக் காயும் முன் வெல்டிங் பக்கம் கொண்டுபோகவே கூடாது, சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும்.

கெட்டிப்படுத்திய கியரையும் ஷாஃப்ட்டையும் வீரியமான அமிலத்தில் போட்டுத் துரு எடுக்க வேண்டாம். அமிலம் எஃகைத் தின்னும்போது வெளிவரும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து கெட்டி எஃகை முறியும் தன்மைக்குக் கொண்டுபோகும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மின்பகுப்பு முறையிலும் இதே தொல்லை. துருவை மட்டும் பிடித்து இழுக்கும், அமிலத்தன்மை இல்லாத கரைசல்கள் கிடைக்கின்றன, அவை போதும். பாகம் வெளியே வரும்போது கொஞ்சம் கறுத்து வந்தால் பதற வேண்டாம், துடைத்தால் போகும்.

கேஸ் எந்த உலோகம் என்று முதலில் பாருங்கள். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாவிலோ அடுப்பு சுத்தம் செய்யும் மருந்திலோ போட்டால் கறுத்து, கரையவே தொடங்கும். மக்னீசியம் நேர் எதிர், அதற்கு அமிலம்தான் எமன். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் கியர்பாக்ஸ் கேஸ் மக்னீசியக் கலவை. சந்தேகம் இருந்தால் வெளியே ஒரு மூலையைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், மக்னீசியம் நுரைத்துப் பொங்கும், அலுமினியம் சும்மா இருக்கும். மக்னீசியத்தை அரைத்த தூள் தீப்பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கண்ணாடி மணி பிளாஸ்டிங், அதாவது நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்வது, கியர்பாக்ஸின் உட்புறத்துக்கும் உள்பாகங்களுக்கும் கூடாது. மணிகள் எண்ணெய்த் துளைகளில் ஒளிந்துகொண்டு, பூட்டி ஓட்டிய பிறகு பேரிங்குக்கு வந்து சேரும். தேய்க்கும் நார்ப் பட்டைகளும் அப்படித்தான், அவற்றிலிருந்து உதிரும் துகள் எஃகைவிடக் கெட்டி. கியர் கோனில் பித்தளை ஒட்டியிருந்தால் மட்டும் எண்ணெய் நனைத்த மெல்லிய எமரி பட்டையைச் சுற்றி, கோனின் சுற்றுவாக்கிலேயே இரண்டு மூன்று இழுப்பு, அதோடு நிறுத்துங்கள். மாலிப்டினம் தெளித்த ரிங்காக இருந்தால் எமரி பக்கமே போகக் கூடாது.

பேரிங்கைக் கழுவிக் காற்றடித்துச் சுழலவிடும் விளையாட்டு வேண்டாம். எண்ணெயில்லாமல் அந்த வேகத்தில் பந்துகள் ஓட்டத் தடத்தைக் கீறும், கூண்டு உடைந்தால் முகத்தில் வந்து அடிக்கும். கையில் பிடித்து நிறுத்திக்கொண்டு ஊதுங்கள், உலர்ந்ததும் உடனே எண்ணெய் விடுங்கள். பொதுவாகவே கழுவிய எஃகை அப்படியே விட்டால் மறுநாள் காலையில் மெல்லிய செந்துரு படிந்திருக்கும்.

சுத்தமான பிறகு இரண்டாம் பார்வை. பல் அடிகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஊடுருவும் சாயம் நல்லது: சிவப்புச் சாயம் தெளித்து, பத்து இருபது நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பும். நீலம் இருந்த பாகங்களுக்கும் பற்றவைத்த பாகங்களுக்கும் இதைத் தவிர்க்காதீர்கள். லேஷாஃப்ட் ஊசி ரோலர்கள் ஓடும் இடத்தைச் சுற்றிலும் பாருங்கள், சுமை ஒரே பக்கம் விழுவதால் அந்தப் பக்கம் மட்டும் உரிந்திருக்கும். ஷாஃப்ட் உரிந்தால் ரோலர்களையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஆட்டோமேட்டிக் பெட்டி

கிளட்ச் பேக்கில் (அடுக்கடுக்கான கிளட்ச் தட்டுகளின் தொகுப்பு) உள்ள ஸ்டீல் பிளேட்டுகளில் நீலத் திட்டுகள், ஃபிரிக்‌ஷன் பிளேட்டுகளில் கருகல், கருகிய வாடை, இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த பேக் நழுவியிருக்கிறது. பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடினால் புதியவையும் கருகும், ஏனென்றால் நழுவியதன் காரணம் பிஸ்டன் சீலிலோ, அழுத்தம் குறைந்த வால்வு பாடியிலோ (எண்ணெய் அழுத்தத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) இருக்கிறது. எண்ணெய் சிவப்பிலிருந்து பழுப்பானதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், வயதானாலே அப்படித்தான் ஆகும். வால்வு பாடியின் வார்னிஷைக் கரைப்பானால் மட்டும் எடுங்கள். வால்வுகளின் ஓரங்கள் கூர்மையாக இருந்தால்தான் அவை வேலை செய்யும், எமரி போட்டு உருட்டிவிடாதீர்கள், நூல் உதிரும் துணியும் வேண்டாம். கூலரையும் குழாய்களையும் அலசாமல் விட்டால் பழைய குப்பை எல்லாம் புதுப் பெட்டிக்குள் வரும். எஞ்சினையும் பெட்டியையும் எண்ணெயால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் உள்ளே நீங்கள் கழுவ முடியாது, கருகிய பெட்டியில் அதை வெட்டித் திறந்து சரிசெய்பவர்களிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள். புது ஃபிரிக்‌ஷன் பிளேட்டுகளைப் பூட்டும் முன் அதே எண்ணெயில் அரை மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். ஃபோர்டு டைப் எஃப் எண்ணெய் கேட்கும் பெட்டிக்கு டெக்ஸ்ரான் வகை எண்ணெய் ஊற்றினால் பிளேட் பிடிக்கும் விதமே மாறிவிடும், இரண்டின் உராய்வுக் குணமும் வேறு.

பூட்டும்போது எல்லா உராயும் இடத்திலும் எண்ணெய் தடவி, கையால் சுழற்றி, ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்த்துவிட்டு மூடுங்கள். எந்த எண்ணெய் என்பதை அந்தக் காலத்து மேனுவலில் பாருங்கள். பல பழைய பெட்டிகள் கேட்பது கியர் ஆயிலே அல்ல, எஞ்சின் ஆயில்: பழைய மினி காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன, எம்ஜிபி காரின் நான்கு கியர் பெட்டிக்கு 20டபிள்யூ-50 போகும். மட்டத்தை நிரப்புத் துளையின் விளிம்போடு நிறுத்துங்கள், கூட ஊற்றினால் கடைந்து நுரைத்துச் சூடாகும். முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டரிலேயே இறக்கி, காந்தத்தை மறுபடி துடைத்துப் பாருங்கள். சாம்பல் பசை கொஞ்சம் வரும். செதில் வந்தால் பெட்டியைத் திரும்ப இறக்க வேண்டியதுதான்.